மேற்செலவு யார் தலையில்? அமெரிக்கப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் கற்றுத்தந்த கணக்கு



1983-இல் அமெரிக்கக் கடற்படை ஒரு சுத்தியலை 435 டாலருக்கு வாங்கிய செய்தி வெளியே வந்தது. சாதாரணச் சுத்தியல். அந்நாட்டு மக்கள் கொதித்துப் போனார்கள். அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் விமானக் கழிப்பறையின் 640 டாலர் உறையும், ராணுவச் சரக்கு விமானத்தின் 7,600 டாலர் காப்பிக் கருவியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. நாற்பது ஆண்டுகள் ஆகியும் அரசுப் பணம் வீணாவதற்கு அடையாளமாக அந்தச் சுத்தியலைத்தான் அங்கே காட்டுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது தவறான இடத்தில் போய் நின்றது என்பது என் கருத்து. இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

அந்த 435 டாலர் எப்படி வந்தது? கடற்படை சுத்தியலைத் தனியாக வாங்கவில்லை. பலவகை உதிரிப் பொருள்களை ஒரே ஒப்பந்தத்தில் வாங்கியது. அந்த ஒப்பந்தத்துக்கு நிறுவனம் செய்த பொறியியல், நிர்வாகச் செலவுகளைப் பொருள்களின் மேல் ஏற்றியாக வேண்டும். விலைக்கு ஏற்றபடியோ உழைப்புக்கு ஏற்றபடியோ ஏற்றாமல், பட்டியலில் இருந்த ஒவ்வொரு இனத்துக்கும் சமமாகப் பிரித்து ஏற்றிவிட்டார்கள். 15 டாலர் சுத்தியல் மேல் 420 டாலர் ஏறியது. ஆயிரக்கணக்கான டாலர் பெறுமான கருவி மேலும் அதே 420 டாலர்தான் ஏறியது. மாதச் சாமான் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வருகிறோம், கூலி நூறு ரூபாய். பையில் பத்துப் பொருள் இருக்கிறது என்பதற்காகப் பொருளுக்குப் பத்து ரூபாய் என்று எழுதினால், உப்புப் பாக்கெட்டும் அரிசி மூட்டையும் ஒரே ஆட்டோ கூலியைச் சுமக்கும். உப்பின் விலையைப் பார்ப்பவர் திடுக்கிடுவார். அரிசி மலிவாகக் கிடைத்ததாக இன்னொருவர் நினைத்துக்கொள்வார். இரண்டுமே உண்மையில்லை.

இதில் செலவுக் கணக்கியல் பயிலும் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பகிர்வைச் சரியாகச் செய்திருந்தால் சுத்தியலின் விலை இறங்கியிருக்கும், கருவியின் விலை ஏறியிருக்கும், மொத்தத் தொகை ஒரு டாலர்கூடக் குறைந்திருக்காது. அதனால் தீங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. நாளைக்கு வேறொரு அதிகாரி அந்த விலைப்பட்டியலைப் பார்த்துச் சுத்தியலை மட்டும் நூறு எண்ணிக்கை வாங்கினால், காகிதத்தில் இருந்த பிழை கருவூலத்தில் ஓட்டையாகிவிடும். ஆனாலும் முதன்மையான கேள்வி வேறு. இப்படிப் பிரித்து ஏற்றினார்களே, அந்த மொத்தச் செலவு நியாயமானதா? அதற்குள் என்னென்ன இருந்தன? சுத்தியலைக் கையில் தூக்கிக் காட்டியவர்களில் அதைக் கேட்டவர்கள் மிகச் சிலர்.

இப்படி ஒரு பொருளுக்கென்று தனியாக இல்லாமல் பொதுவாக ஆகும் செலவுக்குப் பெயர் மேற்செலவு. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, அமைப்பு நடைமுறையில் உள்ளது. ஒரு பொறியாளருக்கு நேரடிக் கூலி 100 டாலர். விடுப்பு, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் என 30 டாலர். அவர் உட்கார்ந்து வேலை செய்யும் கட்டடம், மின்சாரம், கணினி, மேற்பார்வையாளர் சம்பளம் ஆகியவற்றில் அவர் பங்கு 70 டாலர். ஆக 200. தலைமை அலுவலகம், கணக்குப் பிரிவு, சட்டப் பிரிவு போன்ற பொது நிர்வாகத்துக்கு 15 விழுக்காடு, 30 டாலர். ஆக 230. அதன்மேல் 8 விழுக்காடு லாபம் 18.40. அரசுக்குப் போகும் பட்டியல் 248 டாலர் 40 சென்ட். பேச்சுவார்த்தையில் லாபம் 8-ஆ 7-ஆ என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். அந்த ஒரு விழுக்காட்டின் பெறுமானம் 2 டாலர் 30 சென்ட். நடுவில் இருக்கும் 130 டாலரைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டு இதில் சண்டை போடுவதில் பொருளே இல்லை.

அந்த 130 டாலரை எப்படிக் கேள்வி கேட்பது என்பதை அமெரிக்கா மெதுவாக, அடிபட்டு அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டது. முதல் உலகப் போரில், செலவு எவ்வளவோ அதில் இத்தனை விழுக்காடு லாபம் என்ற வகை ஒப்பந்தங்கள் நடந்தன. செலவு ஏற ஏற லாபமும் ஏறும். இதைவிட மோசமான ஏற்பாட்டை யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பின்னர் அது சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1962-இல் வந்த ஒரு சட்டம், பேச்சுவார்த்தை மேசையில் ஒப்பந்தக்காரர் தம் செலவு விவரங்களை நடப்பு நிலையில், முழுமையாக, உண்மையாகத் தர வேண்டும் என்றது. 1965-இல் பாதுகாப்புச் செயலர் மக்னமாரா காலத்தில், முப்படைகளிலும் தனித்தனியாக நடந்துவந்த ஒப்பந்தத் தணிக்கை ஒன்றாக்கப்பட்டு, பாதுகாப்பு ஒப்பந்தத் தணிக்கை முகமை பிறந்தது.

ஆனால் தணிக்கையாளர் எந்த அளவுகோலை வைத்து அளப்பார்? இங்கேதான் அட்மிரல் ஹைமன் ரிக்கோவர் வருகிறார். அமெரிக்காவின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் படையை உருவாக்கியவர். 1968-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் சொன்ன சாரம் இது: ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்கு ஒரு கணக்கு முறை வைத்துக்கொள்கிறது, அதனால் ஒரு கப்பலுக்கோ எந்திரத்துக்கோ உண்மையில் என்ன செலவானது என்று அரசால் அறியவே முடிவதில்லை, எல்லாருக்கும் பொதுவான செலவுக் கணக்குத் தரங்கள் வேண்டும். தொழில் துறையும் கணக்காளர்கள் பலரும் எதிர்த்தார்கள். அரசின் தலைமைத் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து, அது நடக்கக்கூடியதுதான் என்று 1970 ஜனவரியில் அறிக்கை தந்தது. செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர் விடாமல் போராடினார். அதே ஆண்டு ஆகஸ்டில் செலவுக் கணக்குத் தர வாரியம் சட்டமாயிற்று. 1980-இல் அதற்குப் பணம் ஒதுக்காமல் மூடிவிட்டு, 1988-இல் மறுபடி உயிர் கொடுத்தார்கள். நடுவில் எட்டு ஆண்டுகள் தரங்கள் இருந்தன, அவற்றைப் பேணும் வாரியம் இல்லை. அந்த எட்டு ஆண்டுகளில்தான் சுத்தியலும் காப்பிக் கருவியும் வெளிவந்தன.

அந்த வாரியம் வகுத்தவை 19 தரங்கள். அவற்றில் 402-ஆம் தரத்தை மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒரே சூழ்நிலையில், ஒரே நோக்கத்துக்காகச் செய்த செலவை ஓரிடத்தில் நேரடிச் செலவாகவும் இன்னோரிடத்தில் மேற்செலவாகவும் காட்டக்கூடாது என்பது அதன் உயிர். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் ஒரு நிறுவனம் ஒரு ஒப்பந்தத்துக்குத் தீயணைப்பு வீரர்களின் சம்பளத்தை நேரடியாக எழுதிவிட்டு, ஆலை முழுமைக்குமான தீயணைப்புச் செலவை மேற்செலவிலும் சேர்த்தால், அந்த ஒப்பந்தம் ஒரே பாதுகாப்புக்கு இரண்டு முறை பணம் தருகிறது. யாரும் திருடவில்லை, யாரும் பொய் எழுதவில்லை, ஆனாலும் பணம் போய்விட்டது. 418-ஆம் தரம் இன்னும் ஆழமானது. ஒன்றோடொன்று ஒட்டாத செலவுகளை ஒரே தொகுப்பில் கொட்டாதே, எந்தச் செலவை எது உண்டாக்குகிறதோ, எது அதனால் பயன் பெறுகிறதோ, அதன்மேல்தான் ஏற்று என்கிறது. 435 டாலர் சுத்தியலுக்கு மருந்து இந்தத் தரத்தில் இருக்கிறது.

1985-இல் புயல் வேறு திசையிலிருந்து வந்தது. ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனம் அரசிடம் கோரிய மேற்செலவில் மனமகிழ் மன்றச் சந்தாவும், ஒரு நிர்வாகியின் நாயை விடுதியில் விட்டுப் பராமரித்த கட்டணமும் இருந்தது நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் டிங்கல் தலைமையிலான குழுவின் விசாரணையில் வெளிப்பட்டது. நாய்க்கான கட்டணம் சில நூறு டாலரைத் தாண்டாது. ஆனால் அந்த நாய் செய்த வேலையை எந்தப் பேராசிரியராலும் செய்திருக்க முடியாது. மேற்செலவு என்ற தொகுப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாடே எட்டிப் பார்த்தது. பாதுகாப்புச் செயலர் வைன்பர்கர் அந்த நிறுவனத்துக்கான மேற்செலவுத் தொகையை நிறுத்திவைத்தார். இனிமேல் நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவர், இந்தக் கோரிக்கையில் ஏற்கத்தகாத செலவு எதுவும் இல்லை என்று சான்றளித்துக் கையெழுத்திட வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அந்த ஆண்டே, எவையெல்லாம் ஏற்கத்தகாதவை என்பதைச் சட்டமே எழுதியது, கோரினால் தண்டத்தொகையும் விதித்தது.

இந்த விவகாரத்தில் ஒரு வருத்தமான பக்கமும் உண்டு. தரங்களுக்காக அத்தனை போராடிய ரிக்கோவரே அதே நிறுவனத்திடமிருந்து பல ஆண்டுகளாக 67,628 டாலர் மதிப்புள்ள பரிசுகளைப் பெற்றிருந்தார் என்று கடற்படை கண்டறிந்தது. அவருக்குக் கண்டனக் கடிதம், நிறுவனத்துக்கு அதைப்போல் பத்து மடங்கு அபராதம். அவருடைய வாதத்தின் வலிமை இதனால் குறையவில்லை என்றே நினைக்கிறேன். நல்லவர்களை நம்பி நடத்தும் ஏற்பாடு போதாது, விதி வேண்டும் என்ற அவருடைய வாதத்துக்கு அவரே சான்றாகிப்போனார்.

இன்று நடைமுறையில் உள்ள கூட்டரசுக் கொள்முதல் விதிகளின் 31-ஆம் பகுதியில் இந்தச் சல்லடை முழுதாக இருக்கிறது. செலவு நியாயமான அளவில் இருக்க வேண்டும், அந்த ஒப்பந்தத்துக்கு ஏற்றத் தகுந்ததாக இருக்க வேண்டும், ஒப்பந்த நிபந்தனைக்கும் கணக்குத் தரங்களுக்கும் பொருந்த வேண்டும், விதி தடுத்திருக்கக் கூடாது. மது, கேளிக்கை, நன்கொடை, அபராதம், வாராக்கடன், கடன் வட்டி, சட்டமியற்றுவோரிடம் ஆதரவு திரட்டும் செலவு ஆகியவற்றை ஏற்கமாட்டார்கள். நிர்வாகிகளின் ஊதியத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒருவருக்கு ஆண்டுக்கு 4,87,000 டாலர் என்று வைத்து, பின்னர் ஏற்றிக்கொள்ள வழி விட்டது. நிறுவனம் அதற்கு மேலும் கொடுக்கலாம், ஆனால் பங்குதாரர் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும்.

இனி நான் மிகவும் பொருட்படுத்தும் ஓர் இடத்துக்கு வருகிறேன். அது வேலை நேரப் பதிவு. ஒரே கூரையின் கீழ் இரண்டு ஒப்பந்தங்கள் நடக்கின்றன என்று வையுங்கள். ஒன்று நிலை விலை ஒப்பந்தம், செலவு கூடினால் நிறுவனத்துக்கு நட்டம். மற்றொன்று ஆன செலவை அரசு ஈடுசெய்யும் ஒப்பந்தம். முதல் வேலையில் நேரம் அதிகமாகிக்கொண்டே போகிறது. மாலையில் மேற்பார்வையாளர் வந்து, இன்றைய நான்கு மணி நேரத்தை அந்த எண்ணில் போட்டுவிடு என்று ஒரு தொழிலாளியிடம் சொன்னால் போதும், நட்டம் அரசின் தலைக்கு மாறிவிடும். பொருளுக்கு ரசீது இருக்கிறது, சரக்கு வந்ததற்கு அத்தாட்சி இருக்கிறது. மனித நேரத்துக்கு அந்த மனிதர் எழுதும் ஒரு வரியைத் தவிர வேறு சாட்சி கிடையாது. மேற்செலவு பெரும்பாலும் நேரடி உழைப்பின் மேல்தான் ஏற்றப்படுகிறது என்பதால், ஒரு மணி நேரப் பொய் தன்னோடு இன்னொரு மணி நேரப் பெறுமானமுள்ள மேற்செலவையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அந்நாட்டுத் தணிக்கையாளர்கள் முன்னறிவிப்பின்றித் தொழிற்கூடத்துக்குள் வந்து, நீங்கள் இப்போது எந்த வேலையில் இருக்கிறீர்கள் என்று கேட்டு, பதிவோடு ஒப்பிடுகிறார்கள். அன்றன்றைய நேரத்தை அன்றன்றே, அவரவர் கையாலேயே பதிய வேண்டும், திருத்தினால் யார் எப்போது ஏன் திருத்தினார் என்று தெரிய வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். பொய்க் கோரிக்கைச் சட்டம் 1863-இல், உள்நாட்டுப் போரில் ராணுவத்தை ஏமாற்றிய வியாபாரிகளுக்காக வந்தது. 1986-இல் அது கூர்மையாக்கப்பட்டு, இழப்பைப்போல் மூன்று மடங்கு வசூலிக்கவும், தகவல் தந்த ஊழியர் அதில் பங்கு பெறவும் வழி வலுப்பட்டது. அந்த மேற்பார்வையாளரின் ஒரு வாய்மொழி உத்தரவுக்காக நிறுவனத்தையே கவிழ்க்கக்கூடிய சட்டம் அது.

இதுவரை சொன்னவை காவல். காவல் மட்டுமே நிர்வாகம் ஆகிவிடாது. மேற்செலவை நிர்வகிக்கிறோம் என்று புறப்படுபவர்கள் முதலில் கையைச் சுட்டுக்கொள்வது விழுக்காட்டில்தான்.

ஓர் ஆலையில் நேரடிக் கூலி 2 கோடி டாலர், மேற்செலவு 2 கோடி டாலர், விகிதம் 100 விழுக்காடு. நிர்வாகம் நல்ல எந்திரங்களை வாங்கிப் போடுகிறது. அதே உற்பத்திக்குக் கூலி 1 கோடியாகிறது, தேய்மானமும் பராமரிப்பும் கூடி மேற்செலவு 2 கோடியே 40 லட்சமாகிறது. மொத்தச் செலவு 4 கோடியிலிருந்து 3 கோடியே 40 லட்சமாக இறங்கியிருக்கிறது. ஆனால் மேற்செலவு விகிதம் 100-லிருந்து 240-க்குப் பாய்ந்திருக்கிறது. விகிதத்தை மட்டும் பார்க்கும் கொள்முதல் அதிகாரி, இவன் ஊதாரி என்று எழுதுவார். விகிதம் குறைவாக இருக்கிறதே என்று பழைய எந்திரங்களில் ஆள் வைத்து ஓட்டும் ஆலையைப் பாராட்டுவார். அரசு 60 லட்சம் அதிகம் கொடுத்துவிட்டுச் சிக்கனம் என்று எண்ணிக்கொள்ளும்.

இதற்கு மறுபக்கம் இன்னும் வேதனையானது. கட்டடமும் எந்திரமும் காவலாளியும், வேலை குறைந்தாலும் அப்படியேதான் இருக்கும். பி-2 குண்டுவீச்சு விமானம் 132 என்று திட்டமிட்டார்கள், பனிப்போர் முடிந்ததும் 21-இல் நிறுத்தினார்கள். எஃப்-22 போர் விமானம் 750 என்று தொடங்கிப் படைக்கு 187-உடன் முடிந்தது. இவற்றில் ஆராய்ச்சிச் செலவும் பெரும் பங்கு என்பதால் எல்லாவற்றையும் மேற்செலவின் தலையில் கட்டக்கூடாது. ஆனால் தர்க்கம் ஒன்றே. எண்ணிக்கை குறைந்தால் ஒன்றின் விலை ஏறும், விலை ஏறியதைக் காட்டி எண்ணிக்கையை இன்னும் குறைப்பார்கள், விலை இன்னும் ஏறும். அந்த ஆலையில் இருக்கும் மற்ற ஒப்பந்தங்களும், தம் பங்கில் ஒரு மாற்றமும் இல்லாமலே, கூடுதல் சுமையைத் தாங்கும்.

1993-இல் பாதுகாப்புத் துணைச் செயலர் வில்லியம் பெர்ரி, நிறுவனத் தலைவர்களை இரவு விருந்துக்கு அழைத்து, இத்தனை ஆலைகளைத் தாங்க இனி எங்களிடம் பணமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதன்பின் நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்தன. இணைப்பில் மிச்சம் அதிகம் என்றால் அதற்கான மறுசீரமைப்புச் செலவையும் ஒப்பந்தங்களில் ஏற்றிக்கொள்ள அரசு இடம் கொடுத்தது. 1990-களில் 51 ஆக இருந்த முதன்மை ஒப்பந்தக்காரர்கள் இன்று 5. காலி ஆலைகளின் சுமை இறங்கியது உண்மை. போட்டியும் அதோடு இறங்கிப்போனது. மேற்செலவைக் குறைப்பதை மட்டும் இலக்காக வைத்த முடிவுக்கு இவ்வளவு பெரிய விலை கொடுத்தார்கள் என்பது என் துணிபு.

எனவே நிறுவனத்துக்குள் இருப்பவர் எதைச் செய்யலாம்? அடுத்த ஆண்டு எவ்வளவு வேலை வரும் என்ற மதிப்பீட்டில் நேர்மையாக இருப்பதே பாதி நிர்வாகம். ஒப்பந்தம் பிடிக்கும் ஆசையில் வேலை நிறைய வரும் என்று கணக்குப் போட்டுக் குறைந்த விகிதத்தில் விலை சொல்லிவிட்டு, விகிதத்துக்கு உச்சவரம்பையும் ஒப்புக்கொண்டு, வேலை வராமல் மூச்சுத்திணறிய சிறு நிறுவனங்கள் ஏராளம். ஏற்கத்தகாத செலவை ஆண்டு முடிவில் தேடிப் பிரிப்பதைவிட, ரசீதைப் பதியும் அன்றே தனிக் கணக்கில் போடுவது நல்லது. அரசு வளாகத்திலேயே உட்கார்ந்து வேலை செய்யும் பணியாளர்களுக்கு உங்கள் கட்டட வாடகையை ஏற்றாமல் தனி விகிதம் வையுங்கள். பயிற்சியையும் தரப் பரிசோதனையையும் எந்திரப் பராமரிப்பையும் முதலில் வெட்டாதீர்கள். அவை மேற்செலவுக் கணக்கில் இருப்பதால் கண்ணுக்கு உறுத்தும், ஆனால் அவற்றின் இல்லாமை இரண்டு ஆண்டு கழித்து நேரடிச் செலவாக, மறுவேலையாகத் திரும்பி வரும். நிறுவனம் தானாக மேற்கொள்ளும் ஆராய்ச்சியும் அங்கே மறைமுகச் செலவாகவே ஏற்கப்படுகிறது. அடுத்த தலைமுறைத் தொழில்நுட்பம் இன்றைய மேற்செலவுக்குள்தான் குடியிருக்கிறது.

இங்கே அமர்ந்திருக்கும் உங்களில் பலர் இந்தத் துறைக்குள் போகப் போகிறீர்கள். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஊர்களை இணைக்கும் பாதுகாப்புத் தொழில் பெருவழி 2019-இல் தொடங்கப்பட்டது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை உள்ளிட்ட படைக்கலத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபர் 1 முதல் ஏழு அரசு நிறுவனங்களாயின. அதுவரை லாபமோ நட்டமோ இன்றி, ஆன செலவையே விலையாகப் படைக்குக் கணக்கெழுதிய தொழிற்சாலைகள் இவை. இனி விலை சொல்லி ஒப்பந்தம் பிடிக்க வேண்டும். டாங்கிக்கான ஆணை ஒரு வருடம் தள்ளிப்போனால் அந்த ஆலையின் மேற்செலவை யார் ஏற்பது என்ற கேள்வி ஆவடியில் இருப்பவர்களுக்கு ஏட்டுக் கேள்வி இல்லை.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவில் இத்தனை விதிகளும் செலவு விவரத்தைக் கேட்கும் உரிமை இருக்கும் இடத்தில்தான் வேலை செய்யும். குறிப்பிட்ட தொகைக்குக் கீழான ஒப்பந்தங்களுக்கு அந்த விவரத்தைத் தருவது கட்டாயமில்லை. 2018-இல் அந்த வரம்பை 7,50,000 டாலரிலிருந்து 20 லட்சம் டாலராக உயர்த்தினார்கள். காகித வேலையைக் குறைப்பதே நோக்கம், அதுவும் ஒரு மேற்செலவுக் குறைப்புதான். மறு ஆண்டு பிப்ரவரியில் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் ஓர் அறிக்கை வெளியிட்டார். விமான உதிரிப் பாகங்கள் விற்கும் டிரான்ஸ்டிக்ம் நிறுவனத்தின் 47 பாகங்களைச் சோதித்ததில் 46-இல் மிகை லாபம் இருந்தது, மொத்தம் 1 கோடியே 61 லட்சம் டாலர். அந்தக் கொள்முதல்களில் பெரும்பாலானவை உயர்த்துவதற்கு முன்பிருந்த பழைய வரம்புக்கே கீழானவை. நிறுவனம் எந்த விதியையும் மீறியதாக அறிக்கை சொல்லவில்லை. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தபின் அந்தத் தொகையை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. வரம்பு கீழே இறங்கவில்லை.